எந்தச் சத்தத்துக்கு ஓடுவீக

எங்கள் மருத்துவமனையில் மானிட்டர் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நோயாளியின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிகளில் ஒன்று இருண்டுபோனால் வார்டே என் வரவுக்காகக் காத்திருக்கும். நான் கருவிப் பையோடு உள்ளே நுழைந்ததும் டாக்டர் விலகி வழிவிடுவார். பின்பக்க மூடியைத் திறந்து, மின்விசிறியில் படிந்திருக்கும் தூசியை ஊதி, தளர்ந்த இணைப்பை அழுத்திவிட்டு, பொத்தானைத் தொடுவேன். பச்சைக் கோடு திரும்ப ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருந்தது மருத்துவமனை. மிளகாய் வத்தல் வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று வீசினால் மானிட்டரைத் திறக்கும்போதே எனக்குத் தும்மல் வரும். எங்கள் குடும்பமே வத்தல் வியாபாரக் குடும்பம்தான். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, மருத்துவக் கருவிகள் பற்றிய பொறியியல் படித்து இங்கே வந்து சேர்ந்தவன் நான். "எஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில திருப்புளி பிடிக்கான்" என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அதை மறக்க எனக்கு அந்தப் பச்சைக் கோடு தேவைப்பட்டது.

என் மனைவி அதே மருத்துவமனையில், தீக்காய வார்டில் செவிலியர். வார்டின் பெரும்பாலான கட்டில்களில் பட்டாசு ஆலைகளிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். அவள் அங்கே காலையில் நுழைந்தால் மாலையில் வெளியே வரும்போது புடவை முழுக்கக் களிம்பு வாசனை. வீட்டில் நாங்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம். அது எங்களுக்குள் தானாக உண்டான ஒரு வழக்கம்.

அவன் வந்த பிறகு அந்த வழக்கம் போயிற்று.

அவன் என்று சொல்வது என் பழக்கம். என் மனைவிக்கு அவன் முதல் நாளிலிருந்தே "அவரு". சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போனவன். நான் படித்த அதே படிப்பு, என்னைவிடப் பல வருடம் இளையவன். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு அம்மாவுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று இங்கே வந்தான். அடக்கமானவன் ஒன்றும் இல்லை. வாய் ஓயாமல் பேசுவான். லிஃப்டுக்குள் பாட்டு முணுமுணுப்பான். சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொரு வார்டுக்கும் சேவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "இதுக்குப் பேரு லஞ்சம், தெரிஞ்சே வாங்கிக்கோங்க" என்று சொல்லி நர்சுகளைச் சிரிக்க வைத்தான்.

நான் அவனுக்குப் பட்டறையைக் காட்டினேன். பழுதான கருவிகள், உதிரிகள், நான் சரிசெய்து அடுக்கி வைத்திருந்த மானிட்டர்கள். எல்லாவற்றையும் ஆவலாகப் பார்த்தான். "அண்ணே, கை சுத்தமான வேலைண்ணே" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அது மறுநாள் வரைக்கும் நீடித்தது.

மறுநாள் அவன் தீக்காய வார்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாடு வரும்வரை எழவில்லை. எதையும் திறக்கவில்லை, எதையும் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்த இடத்தில் இப்படியும் ஒருவன் உட்கார்வானா என்று நான் நினைத்தேன்.

மாலையில் வீட்டில், தோசை வார்த்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"இன்னைக்கி அந்த சார் ஒண்ணு கேட்டாரு பாருங்க. எங்க எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சு, 'எந்தச் சத்தத்துக்கு ஓடுவீக, எந்தச் சத்தத்துக்கு ஓட மாட்டீக'ன்னு கேட்டாரு."

"இது என்ன கேள்வி? அலாரம் அடிச்சா ஓடணும்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அவரு சிரிச்சுக்கிட்டே, 'காலையிலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், சன்னலோரக் கட்டில் மானிட்டர் கத்திக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் திரும்பல'ன்னாரு. பெறகு உண்மையச் சொல்லிட்டோம். அது கத்துனா நாங்க திரும்ப மாட்டோம். அது சும்மா கத்தும்."

அது சும்மா கத்தும் என்பது எனக்கும் தெரியும். தீக்காய வார்டின் தொல்லையே அதுதான். வெந்த தோலில் இதயத் துடிப்புக்கான ஒட்டுகள் நிற்காது. களிம்பு வழுக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பை, விரல்களே கட்டுக்குள் இருக்கிறவருக்கு எங்கே மாட்டுவது? ஒட்டு நழுவும்போதெல்லாம் மானிட்டர் கத்தும். கத்திக் கத்திக் கடைசியில் யாராவது ஒருவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் மானிட்டரைச் சோதித்து, "மிசின்ல ஒண்ணும் பழுது இல்ல" என்று சொல்லிவிட்டு வருவேன். உண்மையிலேயே பழுது இருக்காது.

"அதுக்கு அவன் என்ன செய்யப்போறானாம்?" என்று கேட்டேன்.

"தெரியல. ஆனா கேட்டாருல்ல" என்றாள்.

அந்த "கேட்டாருல்ல" என் தட்டில் தோசையோடு வந்து விழுந்தது. நான் சட்னி உறைக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரங்களில் அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காவிட்டாலும் சரியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அதுவரை எல்லாக் கருவிகளையும் ஒரே கண்ணால் பார்த்துவந்தோம். புறநோயாளிப் பிரிவில் சும்மா ரத்த அழுத்தம் பார்க்கிற மானிட்டருக்கும், தொண்டைக்குள் வெந்து மூச்சு எப்போது நிற்கும் என்று தெரியாமல் கிடக்கிறவரின் தலைமாட்டில் இருக்கும் மானிட்டருக்கும் ஒரே முறை, ஒரே இடைவெளி. அவன் வந்து, ஒவ்வொரு கருவியின் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டான். இது இப்போது நின்றுபோனால் யாருக்கு என்ன ஆகும்? எவ்வளவு நேரம் கழித்து நமக்குத் தெரியவரும்? அந்தப் பதிலை வைத்துத்தான் எதை முதலில் பார்ப்பது, எதை அடிக்கடி பார்ப்பது என்று பிரித்தான்.

நர்சுகளுக்கு அவன் அதை விளக்கியதை வார்டு வாசலில் நின்று கேட்டேன்.

"எங்கம்மா வேலை பாக்குற கம்பெனியில, லேபிள் ஒட்டுற ரூமையும் வெடிமருந்து கலக்குற ரூமையும் ஒண்ணாவா பாப்பாக? மருந்து ரூமுக்குள்ள இத்தன பேருதான், இம்புட்டு மருந்துதான், வாசல்ல மணல், தண்ணின்னு தனிச் சட்டம். லேபிள் ஒட்டுற எடத்துல ரேடியோகூடப் பாடும். அதே மாதிரிதான் நம்ம ஆஸ்பத்திரியும். இந்த வார்டு நமக்கு மருந்து ரூமு."

"நாங்க குடுக்கதும் மருந்துதான சார்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

காதில் மாட்டும் கிளிப்புகளை வரவழைத்தான். வேகாத இடம் எது என்று நர்சு பார்த்துச் சொல்ல, தோள்பட்டையிலும் முதுகிலும் ஒட்டுகளை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த அளவுக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்று டாக்டரையே வந்து சொல்ல வைத்தான். கேபிள் அறுந்த பிறகு மாற்றாமல், அறுவதற்கு முன்னாலேயே மாற்றினான். மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நின்று பார்த்தான். பல பேட்டரிகள் உடனே செத்தன.

இதில் எனக்கு மனம் வெந்த இடம் ஒன்று உண்டு. கேபிளும் பேட்டரியும் வேண்டும் என்று நான் பலமுறை கேட்டிருந்தேன். "கேபிள் பழசாயிருச்சு சார்" என்பேன். "அடுத்த மாசம் பாப்போம்" என்பார் தலைமை மருத்துவர். அவன் போய்க் கேட்டதும் கிடைத்துவிட்டது. அவன் கேபிளைப் பற்றியே பேசவில்லை. "இந்தக் கட்டில்ல இருக்கவருக்குத் துடிப்பு நின்னா நமக்குத் தெரியாது சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அடுத்த கூட்டத்தில் தலைமை மருத்துவர் எல்லோர் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து அவனே கருவிகள் பிரிவுக்குப் பொறுப்பு என்றார். நானும் கை தட்டினேன். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன்.

அதற்குப் பிறகு என் போன் அடிப்பது குறைந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மானிட்டராவது அணைந்து தொலையாதா என்று இருக்கும். அவன் வேலை செய்கிறான் என்பதற்கு அடையாளமே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். ஒன்றும் நடக்காததற்குப் போய் ஒருவனைப் புகழ்கிறார்களே என்று வயிறு எரிந்தது. ஓடிப்போய் உயிர்ப்பித்தவன் நான். அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது என்று ஒருநாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து என் சாப்பாட்டுப் பையில் இன்னொரு டப்பா ஏறியது. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, சீனியவரைக்காய்ப் பொரியல். அவளுக்கு வேலை நேரம் மாறும் நாட்களில் நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். "அண்ணே, அக்கா கையே கைண்ணே" என்று விரலை நக்குவான். எனக்கும் அதே குழம்புதான். ஆனால் அவன் டப்பாவில் காய் கூடுதலாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். இருந்ததில்லை. இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"அவன் மேல உனக்கு என்ன அம்புட்டு அக்கறை?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். என்ன அர்த்தத்தில் கேட்கிறேன் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை.

"நீங்க நெனைக்கிறது ஒண்ணும் இல்ல" என்றாள். "எத்தன வருசமா நான் அந்த வார்டுல இருக்கேன். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள கேக்கும். குக்கர் விசில் அடிச்சாக்கூட நெஞ்சு திக்குங்கும். எது நெசமான சத்தம், எது பொய்ச் சத்தம்னு தெரியாமப் பயந்து பயந்து வேலை பாத்தேன். நீங்க தெனம் வார்டுக்கு வருவீக. மிசினத்தான் பாப்பீக. என்கிட்ட எப்பவாச்சும் கேட்டிருக்கீகளா? அவரு கேட்டாரு. அம்புட்டுத்தான்."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"மிசின்ல பழுது இல்லன்னு சொல்லிட்டுப் போறவுககிட்ட என்னத்தச் சொல்ல?"

அவள் மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். நான் வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை போய்விட்டு வந்தேன். அவள் மனசில் வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு ஏதாவது இருந்திருந்தால் அவனை வெறுக்க ஒரு நல்ல காரணமாவது கிடைத்திருக்கும்.

அதன் பிறகு நான் அவன் சறுக்குவதற்காகக் காத்திருந்தேன்.

சறுக்கினான். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, மல்லாங்கிணற்றில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். புதுப் பேட்டரிகள் அன்றுதான் வந்திருந்தன. எனக்காகக் காத்திராமல் அவனே தனியாக மாற்றிவிட்டான். திங்கட்கிழமை காலையில் தீக்காய வார்டு வழியாகப் போனேன். ஒரு கட்டிலில், காதில் மாட்டியிருந்த கிளிப் நழுவித் தலையணையில் கிடந்தது. திரையில் எண் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கத்தான் செய்தது. ஆனால் காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்டது. மேலே சுற்றிய மின்விசிறியின் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வகை மானிட்டரில் பேட்டரியைக் கழற்றினால் நாம் வைத்த அமைப்பெல்லாம் மறந்துபோகும். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படித் திரும்பிவிடும். சத்தம் அடிமட்டத்துக்குப் போய்விடும். டாக்டர் நோயாளிக்கு நோயாளி சொல்லி வைத்த எல்லைகளும் அழிந்துவிடும்.

அப்போது எனக்கு வந்தது மகிழ்ச்சி. அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்குத் தெரியவில்லை. கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டினேன். என் மனைவியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். எல்லைகளை அவள் சொல்லச் சொல்லத் திரும்ப வைத்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. முடித்த கையோடு நேராகக் காலைக் கூட்டத்துக்குப் போனேன். தலைமை மருத்துவர், வார்டு பொறுப்பாளர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவனும் இருந்தான்.

"தீக்காய வார்டுல நேத்திலருந்து ஒரு அலாரமும் கேக்கல சார்" என்று தொடங்கினேன். பேட்டரி, அமைப்பு, சத்தம், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் அவன் மேல் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. "ஆமா சார். நான்தான் மாத்துனேன். சத்தத்தப் பாக்கல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஆபரேசன் முடிஞ்சு வைக்கிற ரூம்லயும் நேத்து மாத்துனேன். அதப் பாத்தீகளா?" என்றான்.

நான் பார்க்கவில்லை. அங்கேயும் மாற்றியிருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் கதவைத் தாண்டி ஓடிவிட்டான். நானும் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் அவன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை விட்டுவிட்டே ஓடினான். அந்த அறையில் மயக்கம் தெளியாமல் இருவர் படுத்திருந்தார்கள். இருவரின் மானிட்டர்களும் ஊமையாகத்தான் இருந்தன. இருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டு அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நல்லவேளை சொன்னீகண்ணே" என்றான்.

அவனைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று வந்தவன் நான். அவனோ வெட்கப்படக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. என் இடத்தில் அவனும் அவன் இடத்தில் நானும் இருந்திருந்தால், நான் முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்கியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிடத்தில் நான் பட்ட பொறாமைக்கு முன்னால், கைதட்டல் மேலும் குழம்பு டப்பா மேலும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அன்றே புது வழக்கம் ஒன்று வந்தது. எந்த மானிட்டரைத் திறந்து மூடினாலும், எங்களில் ஒருவரும் வார்டு நர்சு ஒருவரும் கட்டிலருகே நின்று, கிளிப்பைக் கழற்றி, அலாரத்தைக் காதால் கேட்ட பிறகுதான் அது நோயாளிக்குப் போக வேண்டும். அவன் அதை வார்டு வார்டாகப் போய், "அண்ணன் கண்டுபிடிச்சுச் சொன்னது" என்று அறிவித்தான். எனக்குச் சேர வேண்டியதை என்னைவிட நன்றாக அவனே கொண்டுபோய்ச் சேர்த்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கும் சீசன். ஒரு பிற்பகலில் தகவல் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் வெடி விபத்து. எந்த ஆலை என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுவருகிறார்கள், கட்டில்களைத் தயார் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். நானும் அவனும் ஒதுக்கி வைத்திருந்த மானிட்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு கையால் போனைக் காதில் வைத்திருந்தான். அம்மாவுக்கு அடிக்கிறான். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். எடுக்கவில்லை.

"தம்பி, நீ கெளம்பு. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

போனைப் பைக்குள் போட்டான். "போயி என்னண்ணே செய்ய? இங்கனதான கொண்டு வருவாக" என்றான்.

ஆம்புலன்சுகள் வந்தன. ஒவ்வொரு தள்ளுகட்டிலும் உள்ளே வரும்போது அவன் வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் முதலில் பாதத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். முகம் கருகியிருந்தால் அம்மாவின் பாதத்தைத்தான் அவனால் அடையாளம் சொல்ல முடியும் என்று பிறகு புரிந்தது. பார்த்துவிட்டு, குனிந்து மானிட்டரைப் பொருத்துவான். அடுத்த கட்டிலுக்குப் போவான். வார்டு நிரம்பி நடைபாதையிலும் கட்டில் போட்டார்கள். நடுவில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுக்கும்வரை விளக்கெல்லாம் அணைந்தது. மானிட்டர் ஒன்றுகூட அணையவில்லை. இருட்டில் பச்சைக் கோடுகள் மட்டும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் நடைபாதையின் கோடியிலிருந்து ஓர் அலாரம் அடித்தது. அழுகையும் கூப்பாடுமாக இருந்த இடத்தில் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. என் மனைவி கையிலிருந்ததை அப்படியே பக்கத்து நர்சிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். யோசிக்கவே இல்லை. கிளிப் நழுவியிருக்குமோ என்று ஒரு கணம்கூட நிற்கவில்லை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, வெளியே அதிகம் காயம் இல்லாதவள். கரும்புகையை இழுத்ததில் தொண்டை உள்ளுக்குள் வீங்கிக்கொண்டு வந்திருக்கிறது. "டாக்டர், இங்கன வாங்க!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் டாக்டர் வந்தார். குழாய் இறக்கினார். ஆக்சிஜன் எண் மெல்ல மெல்ல ஏறியது.

அந்தப் பெண் பிழைத்தாள். அன்று வந்தவர்களில் எல்லோரும் பிழைக்கவில்லை.

அவன் அம்மா சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து பேசினார். விபத்து நடந்தது வேறு ஆலையில். வேலைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். விபத்துச் செய்தி கேட்டு எல்லோரும் கலைந்து ஓடியதில் போனை வாங்காமலே வந்துவிட்டாராம். அவன் "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னான். வைத்துவிட்டுக் குழாயடியில் போய் நெடுநேரம் முகம் கழுவினான். நான் அவன் பின்னால் நின்றிருந்தேன். துண்டை நீட்டினேன்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு அவன் மேல் பொறாமை இல்லை. இல்லாமல் இருந்தது எப்படி இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. உடம்பே லேசாக இருந்தது. அடுத்த வாரம் மாவட்டத்து அதிகாரி ஒருவர் வந்து மருத்துவமனையைப் பாராட்டினார். தலைமை மருத்துவர் அவனை முன்னால் தள்ளி நிறுத்தி, "எங்க தம்பி" என்றார். பொறாமை திரும்பி வந்துவிட்டது.

மறுவருடம் அவன் மதுரையில் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போய்விட்டான். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திக் கூடவே அழைத்துப் போனான். பொறுப்பு எனக்கு வந்தது. போகும்போது எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தானே.

இப்போது மாதத்தில் சில நாள், தீக்காய வார்டில் நானும் நாற்காலி போட்டு உட்காருகிறேன். முதலில் நர்சுகள் என் முன்னால் பேசவே கூச்சப்பட்டார்கள். என்ன அண்ணே, எதைக் கழற்றப் போறீக என்பார்கள். ஒன்றும் கழற்றவில்லை, எது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டு இப்போது சொல்கிறார்கள். போன தடவை என் மனைவியே வந்து, புதிதாக வந்த மானிட்டரில் ரத்த அழுத்தப் பட்டை இறுக்கும்போது விரல் கிளிப் பொய்யாகக் கத்துகிறது, இரண்டையும் ஒரே கையில் மாட்ட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள் என்றாள். சொல்லி வைத்தேன். வேலை நன்றாகத்தான் நடக்கிறது. ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எனக்கும் யாரும் கை தட்டுவதில்லை.

சில வாரங்களுக்கு முன்னால் அவன் போன் செய்தான். அங்கே புதிதாக வாங்கிய மானிட்டர்களுக்கும் நர்சுகளின் மேசையில் இருக்கும் பெரிய திரைக்கும் அடிக்கடி தொடர்பு அறுந்துபோகிறதாம். கட்டிலருகே எண் சரியாக ஓடுகிறது, மேசைத் திரையில் வெறும் கட்டம். அதே வகை எங்களிடமும் இருந்தது. அதே தொல்லை எங்களுக்கும் வந்து, நான் சரிசெய்திருந்தேன். எங்கே பார்க்க வேண்டும், சரியாகும்வரை கட்டிலருகே ஆளை நிற்க வைக்க வேண்டும் என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "அண்ணே, பெரிய உபகாரம்ணே" என்றான். அவன் குரல் இன்னும் அப்படியே இருந்தது.

வைத்ததும் அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள், "யாருங்க போன்ல?"

"மானிட்டர் கம்பெனிக்காரன்" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "கம்பெனிக்காரன்கிட்ட இம்புட்டுப் பொறுமையாவா பேசுவீக? அவருதான? நல்லா இருக்காரா?"

"இருக்கான், இருக்கான்" என்றேன். "உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்."

அப்படி அவன் சொல்லத்தான் செய்தான். அதை அவளிடம் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.